முப்பதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப்

மலிவு விலை லேப்டாப் என்றாலே பேச்சு பிராசசரில்தான் தொடங்குகிறது. ஐ3-யா, ரைசன் 3-யா, செலரான் என்றால் தொடவே கூடாதா? ஆனால் முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒன்றை வாங்கி நாலைந்து வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவரைக் கேளுங்கள், புலம்பல் வேறு இடத்திலிருந்து வரும். கீல் விட்டுப்போயிற்று, திரை வெளிறித் தெரிகிறது, ரேம் ஏற்ற முடியாது என்கிறார்கள். கடையில் நாம் விசாரிக்கிற விஷயம் ஒன்று, வீட்டில் நம்மை வதைக்கிற விஷயம் இன்னொன்று.

முதலில் மலிவு லேப்டாப்பின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். செல்போனை மட்டுமே வைத்துப் பட்டப்படிப்பை ஓட்டுகிற மாணவர்கள் நம்மிடையே ஏராளம். நாற்பது பக்க புராஜெக்ட் அறிக்கையைக் கட்டைவிரலால் தட்டியே முடித்துவிடுகிறார்கள். முடிக்கிறார்களே தவிர, திருத்துவதில்லை. ஒரு பத்தியைத் தூக்கி முன்னால் வைத்துப் பார்ப்பது, இரண்டு கட்டுரைகளை அருகருகே திறந்து ஒப்பிடுவது, எக்செல்லில் ஒரு எண்ணை மாற்றினால் மொத்தம் என்ன ஆகிறது என்று பார்ப்பது, இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் எழுத்தும் கணக்கும் சீராகின்றன. மிகச் சாதாரண லேப்டாப்பும் இதற்கு இடம் கொடுக்கும். ஒன்றரை லட்ச ரூபாய் செல்போன் கொடுக்காது. தமிழ்99 விசைப்பலகை பழகிய மாணவி ஒருத்தி பத்து விரலாலும் தட்டச்சு செய்யும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

அன்றாட வேலைக்கு பிராசசர் இப்போது பெரிய தடையும் இல்லை. 2023-ல் வந்த இன்டெல் என்100-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு கோர், அடிப்படை மின்தேவை 6 வாட்தான். சில மாடல்களில் விசிறியே கிடையாது. டேலி, வேர்ட், பிரவுசர், பைதான் பயிற்சி இவற்றுக்கெல்லாம் இது போதும். இயந்திரக் கற்றல் போன்ற கனமான பாடம் வந்தால் கூகுள் கோலாபில் ஏற்றி ஓட்டலாம். கணக்குப் போடுவது கூகுளின் சர்வர், நம் கணினி வெறும் ஜன்னல். ஆட்டோகேட் 3டி, வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்களுக்கு மட்டும் இந்த விலையில் தீர்வில்லை. அவர்களைத் தேற்றி அனுப்புவதைவிட அதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

மலிவுக் கணினி தோற்ற கதை ஒன்று ஏற்கெனவே உண்டு. 2007-ல் ஆசுஸ் கொண்டுவந்த ஈ பிசி ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்போடு வந்து பரபரப்பாக விற்றது. நெட்புக் என்ற வகையே அதிலிருந்து கிளைத்தது. சில ஆண்டுகளில் அது ஒடுங்கிப்போக டேப்லெட்டின் வரவு ஒரு காரணம். கையும் கண்ணும் அந்தச் சின்ன விசைகளிலும் திரையிலும் நிலைகொள்ளவில்லை என்பது இன்னொன்று.

இதற்கு நேர்மாறான அனுபவம் தமிழ்நாட்டுடையது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்தவை 14 அங்குலத் திரையும் முழு அளவு விசைப்பலகையும் கொண்ட சராசரி இயந்திரங்கள். தொடக்க ஆண்டுகளில் ரேம் 2 ஜிபிதான், உள்ளே சுழல்வது ஹார்ட் டிஸ்க். வேகமில்லை, கனமும் அதிகம். ஆனாலும் பல வீடுகளில் அவை நீண்ட காலம் உழைத்தன. திருகைக் கழற்றினால் ரேம் வெளியே வரும், டிஸ்க் வெளியே வரும், பேட்டரியைத் தாழ்ப்பாள் தள்ளியே கழற்றலாம். ஒரே மாடல் லட்சக்கணக்கில் புழங்கியதால் உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள்: நிமிஷக்கணக்கில் எழுந்திருக்கத் திணறிய கணினி அரை நிமிஷத்துக்குள் தயாராகிவிடும். மலிவுக் கணினியின் ஆயுள் இந்தக் கழற்றி மாட்டும் வசதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய மலிவு லேப்டாப் இழந்திருப்பது இதைத்தான். மெலிதாக்கும் மோகத்தில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இன்னும் கீழ் விலைக்குப் போனால் சேமிப்பும் அப்படித்தான்: 64 ஜிபி இஎம்எம்சி, அதுவும் போர்டோடு ஒட்டியது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் போதும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தகுதி. கணினி எழுந்து நிற்க அது போதும். நடக்கப் போதாது. பெரிய அப்டேட் ஒன்று வரும்போது இடமில்லை என்று நின்றுவிடும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மவுஸ் அம்புக்குறி உறைந்துவிடும். ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நம்பி வந்த மாணவனிடம் சர்வீஸ்காரர் பின்மூடியைத் திறந்து காட்டிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "தம்பி, ஸ்லாட்டே இல்லப்பா. எல்லாம் போர்டுலயே ஒட்டிருக்கு. இத வித்துட்டு வேற வாங்கறதுதான் வழி." வாங்கி இரண்டாண்டுகூட ஆகாத கணினி அது.

அடுத்தது கீல். திரையையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் உலோகக் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த மிகச் சிறிய பித்தளை மரைகளில் இறங்குகின்றன. நாள்பட நாள்படக் கீல் இறுகும். நாமோ திரையை ஒரு மூலையில் பிடித்துத் தூக்குவோம். விசை முழுவதும் ஒரு பக்கத்து மரைகளில் இறங்க, ஒரு நாள் படக்கென்று பித்தளை மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விளிம்பு பிளக்கும், டிஸ்ப்ளே கேபிள் நசுங்கும். கடைகளில் அரால்டைட் குழைத்து மரையை மறுபடி பதித்துத் தருகிறார்கள். கொஞ்ச காலம் தாங்கும். திரையின் நடுவில் பிடித்துத் திறந்தால் இந்தச் சேதத்தைத் தள்ளிப்போடலாம். ஆனால் பயன்படுத்துகிறவரின் கவனத்தால் ஈடுகட்ட வேண்டிய குறையா இது? அடித்தளத்தில் ஒரு உலோகத் தகடு வைத்திருந்தால் வந்திருக்காது.

திரையைப் பற்றியும் ஒரு சொல். இந்த விலையில் டிஎன் வகைத் திரை இன்னும் விற்கிறது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் புரண்டுவிடும். ராத்திரி முழுக்கப் பிடிஎஃப் படிக்கிறவர்கள் பிராசசரில் ஒரு படி இறங்கியாவது ஐபிஎஸ் திரை வாங்குவது நல்லது.

அப்படியானால் பழைய அலுவலக லேப்டாப் வாங்கலாமே என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் புது மலிவு லேப்டாப்பைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. 2018-ல் வந்த திங்க்பேட் டி480-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், வெளியிலிருந்தே கழற்றும் பேட்டரி, தண்ணீர் சிந்தினாலும் ஓரளவு தாங்கும் விசைப்பலகை. கட்டுமானத்தில் புது மலிவு லேப்டாப் அதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் பேட்டரி தேய்ந்திருக்கும், உத்தரவாதம் கடைக்காரர் வாய்ச்சொல்தான். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. லினக்ஸ் தெரிந்த நண்பரோ அண்ணனோ பக்கத்தில் இருந்தால் தயங்காமல் பழையதை வாங்கலாம். யாரும் துணையில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தேவை உத்தரவாதமும் உள்ளே ஒரு காலி ஸ்லாட்டும் உள்ள புது லேப்டாப்.

2025 இறுதியில் ரேம் விலை எகிறத் தொடங்கியபின் இந்த ஸ்லாட்டின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. இன்று 8 ஜிபியோடு வாங்கிவிட்டு விலை இறங்கும்போது கூட்டிக்கொள்ளும் வழியையாவது மாணவருக்கு விட்டுவைக்க வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவ்வளவு பெரிய அளவில் வாங்குகிறவர் வைக்கும் நிபந்தனையை எந்தத் தயாரிப்பாளரும் எளிதில் தட்ட மாட்டார். காலி ரேம் ஸ்லாட், உலோகத் தகட்டில் பொருத்திய கீல், ஐந்தாண்டு உதிரிபாகம் ஆகிய மூன்றும் இப்படிப்பட்ட ஒவ்வொரு டெண்டரிலும் இருந்தாக வேண்டும். பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் விற்கும்போது அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாகவே காட்ட வேண்டியிருக்கிறது. நம் கடைகளில் விற்பனையாளருக்கே ரேம் கழலுமா என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

எனவே பணம் கட்டுமுன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் இலவசமாகவே போட்டிருக்கின்றன. பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று இருக்கும். அதில் ரேமும் எஸ்எஸ்டியும் தனித்தனித் துண்டாகக் கழன்று வருகின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.