எழுத்தை எண்ணத் தெரியாத கணினி

பிரேசர் டவுனில் இருப்பவன் நான். எங்கள் பகுதியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். "பிரேசர்" என்பதில் எழுத்து 4. பைத்தான் மொழியோ 7 என்கிறது. அது எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. வரிசை 0-இல் தொடங்குவதால் [1] என்று கேட்டால் "ரே" வரவேண்டும். வருவதோ வெறும் இகரக் குறி!

இது விளையாட்டல்ல. முருகன் மகனுக்கு இனிஷியல் "மு". [0] எடுத்தா "ம" ஆயிடுது. அப்பா பேரே மாறிப்போச்சு.

2014-இல் வந்த சுவிஃப்ட் மொழி சரியாக 4 என்கிறது. ஆனா எண் போட்டுக் கேட்டா தராது. முதலிலிருந்து எண்ணிக்கொண்டே போகவேண்டும் என்பது காரணம்.

ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பட்டியலாகத் தருகிறது. அதில் [1] "ரே"தான். கொஞ்சம் தாமதமானாலும் இதுவே முறை என்பேன். உயிர்மெய்யை உடைத்துத் தரும் வேகம் நமக்கெதற்கு?