அழகிய உடலும் அச்சமுற்ற உடலும்

மனித உடலைத் தீட்டுவது எமது நாட்டு ஓவியர்க்குப் புதிதன்று. '43 குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றின் பெண்ணுருவங்களை எடுத்துக்கொள்வோம்: வளைந்தோடும் கோடுகள், செழித்த அங்கங்கள். கொள்ளுப்பிட்டி வரவேற்பறைகளுக்கு உகந்த ஓவியங்கள்தாம். பசியையோ வடுவையோ அறியாத உடல்கள்.

1992இல் கொழும்புத் தேசிய கலாபவனத்தில் ஜகத் வீரசிங்க தனித்து நடத்திய 'பதற்றம்' என்னும் கண்காட்சி இம்மரபுடன் முரண்பட்டது. இவர் தொல்லியலாளர், பண்டைய சுவரோவியங்களைப் பேணிக்காக்கும் தொழிலைக் கற்றவர். சீகிரியாக் கோட்டின் நளினத்தை அறிந்த ஒருவரே அந்நளினத்தைக் கைவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. 1983 யூலையில் தமிழர் எரிக்கப்பட்டதையும், 1987-89இல் தென்னிலங்கை இளைஞர் உடல்கள் வீதியோரங்களிற் கிடந்ததையும் கண்ட தலைமுறைக்கு அழகிய உடல் பொய்யாகத்தான் தோன்றியிருக்கும். உருக்குலைந்த மனிதனருகே உடைந்த தூபியையும் நிறுத்தியதில் இவரது துணிவு தெரிகிறது. பெரும்பான்மையினத்துக் கலைஞர் தம் சமயப் பெருமிதத்தையே விசாரணைக்கு உட்படுத்துவது எளிய காரியமா?

எமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இவ்வுடல்களுக்கு இனமில்லை, ஊரில்லை. பொதுவான மனித வேதனை என்று பேசும்போது, வெள்ளவத்தையில் வீடிழந்தவனின் குறிப்பான வேதனை அதற்குள் மறைந்துவிடக் கூடும்.

பின்னர் இவர் கலாபவனச் சுவர்களையும் தாண்டினார். கொன்றொழிக்கப்பட்ட எம்பிலிப்பிட்டிய மாணவர்க்காக, பாராளுமன்றத்துக்கு அண்மையில் 1999இல் வெட்டவெளி நினைவாலயம் ஒன்றை அமைத்தார். அரசு அதைப் பேணவில்லை. அது பாழடைந்து போயிற்று.