முதல் முறைப்பாடு எந்த மொழியில்?

குற்றத்தைத் தடுக்க வழி கேட்டால், தண்டனையைக் கடுமையாக்கு, பொலிஸாரைக் கூட்டு என்கிறார்கள். 2023 டிசம்பரில் இலங்கைப் பொலிஸார் போதைப்பொருளுக்கும் குற்றக் கும்பல்களுக்கும் எதிராகத் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையும் அந்த நம்பிக்கையில் எழுந்ததே. ஆனால் மஸ்கெலியாத் தோட்ட லயமொன்றில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் அதற்கு அடங்குவதில்லை. முதல் அடியே பொலிஸில் பதிவாகும் என்ற அச்சம்தான் அவன் கையைத் தடுக்கும்.

அந்தப் பதிவு எந்த மொழியில் என்பதே கேள்வி. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். உத்தியோகத்தரால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரக் கேட்க வேண்டும். அவராலும் முடியாதபோதுதான், காரணத்தைக் குறித்துவிட்டு இன்னொரு தேசிய மொழியில் எழுதலாம்.

சட்டம் நல்லதே. ஆனால் தமிழ் எழுதத் தெரிந்தவர் கடமையில் இல்லாத நிலையத்தில் விதிவிலக்கே விதியாகிவிடும். மஸ்கெலியாவை அன்று உள்ளடக்கிய அம்பகமுவ பிரிவு 1999 இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. ஆகவே ஆளில்லை என்பதை இனியும் காரணமாக ஏற்க முடியாது.

நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்பார்கள். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருவது உண்மை. ஆனால் அந்த உதவி காலம் தாழ்ந்து வருகிறது. பொலிஸில் பதிந்த வாக்குமூலத்துக்கும் சாட்சிக் கூண்டில் சொல்வதற்கும் முரண் இருந்தால், எதிர்த்தரப்பு அதைக் கொண்டே சாட்சியத்தைத் தகர்க்கலாம். எழுதியவர் பிழையாக விளங்கிக்கொண்டதற்கு அடிபட்டவள் பொய்க்காரி ஆகிறாள்.

மொழி மட்டும் தடையல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. நிலையத்துக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். தோட்டத் தலைவர் சமாதானம் பேசுவார். திரும்பி வந்து படுப்பதும் அதே லயத்தில்தான். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவானின் பாதுகாப்புக் கட்டளைக்கு வழி செய்திருக்கிறது. அந்தக் கட்டளையைக் கேட்கவும் நடந்ததைச் சரியாகச் சொல்லும் பதிவு கைகொடுக்கும். மற்றத் தடைகளைத் தாண்டி வந்தவளையும் மொழி திருப்பி அனுப்பக் கூடாது.

என் முடிவு இது: மலையகத்துக்குப் புதிய தண்டனைகளைவிட 109 ஆம் பிரிவின் நேர்மையான அமுலாக்கமே முதலில் தேவை. எந்நேரமும் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் நிலையத்தில் இருக்க வேண்டும். வேற்றுமொழியில் எழுதிய ஒவ்வொரு முறைப்பாட்டின் காரணத்தையும் மேலதிகாரி மாதந்தோறும் பரிசோதிக்க வேண்டும். அதுவரை, விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.