உடையுமா, உடையாதா?

நெய்வேலியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். டவுன்ஷிப்பில் விலாசமே கணக்குதான். வட்டம் இத்தனை, குவார்ட்டர்ஸ் நம்பர் இத்தனை. உள்ளே ஒன்பதாவது படிக்கும் தங்கை பெண் நோட்டைப் பார்த்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

'எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9 எக்ஸ் பிளஸ் 12. காரணிப்படுத்துக.'

"பெருக்கினா 12, கூட்டினா 9 வரணும் மாமா. 3, 4 போட்டா 7. 2, 6 போட்டா 8. 1, 12 போட்டா 13. அரை மணி நேரமாப் பார்க்கறேன். எனக்கு மேத்ஸ் வராது மாமா."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது 14. பெண் 12 என்று தப்பாக எழுதியிருக்கிறாள். 14 என்றால் 7, 2. அரை நிமிஷ வேலை. ஆனால் 12 போட்ட கணக்கு முழு எண்களில் உடையவே உடையாது. உடையாத ஒன்றை அரை மணி உடைத்துப் பார்த்துவிட்டு, தப்பு தன் மூளையில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

என் புகார் இதுதான். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களை நான் குறை சொல்லிக்கொண்டே இருப்பவன் இல்லை. 2018-ல் வந்த புது ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் கலர் கலராக, க்யூஆர் கோடுடன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் அல்ஜீப்ரா புத்தகங்களுக்கு என் காலத்திலிருந்தே ஒரு பழக்கம். உடைகிற கோவைகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுக்கும். பிள்ளைகள் உலகத்தில் எல்லா இருபடிக் கோவையும் உடையும் என்று நம்பிவிடுகிறார்கள்.

உண்மை வேறு. எக்ஸின் குணகத்தையும் கடைசி எண்ணையும் 1 முதல் 10 வரை மாற்றி மாற்றிப் போட்டால் 100 கோவைகள் கிடைக்கும். உட்கார்ந்து எண்ணினேன். முழு எண்களில் உடைபவை 14. பாக்கி 86 உடையாது!

உடையுமா என்று முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறது. பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி. தன்மைக் காட்டி என்று பெயர் சூட்டி, அதைப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். உடைப்பது இந்த வருஷம், உடையுமா என்று கேட்பது அடுத்த வருஷம்.

நெய்வேலிக்காரர்களிடம் கேளுங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதைப் பார்த்துவிட்டு யாரும் உடனே சுரங்கம் வெட்டவில்லை. 1940களில் துளை போட்டுப் பார்த்தார்கள். 1956-ல் கம்பெனி, 1957-ல்தான் வெட்ட ஆரம்பித்தார்கள். முதலில் துளை, அப்புறம் தோண்டல்.

தன்மைக் காட்டி ஒன்பதாம் வகுப்புக்கு ரொம்பக் கஷ்டம் என்பார்கள். இல்லை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை ஸ்கொயர் பண்ணி, பெருக்கற்பலனைப் போல் நாலு மடங்கைக் கழித்தால், வித்தியாசத்தின் ஸ்கொயர் வரும். சின்ன வகுப்பில் படித்த முற்றொருமைகள்தான். அதைத் தங்கை பெண்ணிடம் சொன்னேன்.

"9-ஐ ஸ்கொயர் பண்ணு. 81. நாலு 14 எவ்வளவு?"

"56. கழிச்சா 25. ரூட் 5."

"அதுதான் ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். கூட்டினா 9, வித்தியாசம் 5."

"7, 2!" என்றாள். பிறகு தானாகவே, "12 போட்டா 81-ல 48 போக 33. ரூட் முழுசா வராது. அப்ப அது உடையாதா மாமா?"

அந்த 'உடையாதா'வில் எத்தனை நிம்மதி!

இது புது விஷயமே இல்லை. சுமார் 3,800 வருஷத்துக்கு முன்னால் பாபிலோனியர்கள், நீளமும் அகலமும் சேர்ந்து இவ்வளவு, பரப்பு இவ்வளவு என்று களிமண் பலகையில் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாலால் பெருக்கும் யுக்தி நம் ஸ்ரீதரருடையது. அவருடைய அல்ஜீப்ரா நூல் கிடைக்கவில்லை. 12-ம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் தப்பியது. 2019-ல் அமெரிக்காவில் போ-ஷென் லோ என்ற கணிதப் பேராசிரியர், ஊகிக்காமல் காரணி கண்டுபிடிக்க, கூட்டுத்தொகையில் பாதியிலிருந்து தொடங்கும் முறையைச் சொன்னபோது பத்திரிகைகள் கொண்டாடின. இதன் உறவுக்காரர்தான் அதுவும். பழைய சரக்குதான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஊகித்துப் பார்ப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்களோடு பழக அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பயிற்சியில் பத்துக்கு இரண்டாவது உடையாத கணக்காக இருக்கட்டும். 'இது முழு எண்களில் உடையாது, காரணம் இது' என்று எழுதினால் முழு மார்க் கொடுக்கட்டும்.

கிளம்பும்போது தங்கை பெண் வாசல்வரை வந்தாள்.

"மாமா, புக்ல இருக்கறதெல்லாம் செக் பண்ணிட்டேன். எல்லாம் உடையுது. போர்!"

மேத்ஸ் வராத பெண்!