21 பந்தில் 11

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது கீமோ நடக்கிறது என்றால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது ஆப்பிள் பையை ஓரமாக வைத்துவிட்டு யுவராஜ் சிங் பேச்சை எடுத்துவிடுவார். “யுவராஜுக்கு வரலையாண்ணே? உலகக் கோப்பையே ஜெயிச்சுட்டு வந்தாரே!” நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் கட்டிலில் இருப்பவர் கிரிக்கெட்டை விடாமல் பார்க்கிறவர் என்றால், அவருக்கு இரண்டு விஷயங்கள் உடனே உறுத்தும். கோப்பை வந்தது 2011 ஏப்ரலில். நோய் இன்னதென்று ஊருக்குத் தெரிந்தது 2012 பிப்ரவரியில். வந்தவர் வரிசையை மாற்றிச் சொல்கிறார். அதோடு, 2014-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்.

வரிசைப்படியே போகலாம். 2011 மார்ச் 20, சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான லீக் ஆட்டம். சச்சினும் கம்பீரும் சீக்கிரம் போய்விட்டார்கள். யுவராஜ் இறங்கி, கோலியோடு சேர்ந்து ஆட்டத்தை நிமிர்த்தினார். நடுநடுவே குனிந்து வாந்தி எடுத்தார். மார்ச் மாதப் பகலில் சேப்பாக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் நாம் என்ன நினைப்போம்? வெயில், புழுக்கம், உப்புக்காற்று. கேலரியிலும் டிவி முன்னாலும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

அந்த இன்னிங்ஸின் கணக்கை இப்போது எடுத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 123 பந்தில் 113. அதில் 10 பவுண்டரி, 2 சிக்ஸர்: 52 ரன். மீதி 61 ரன் ஓடியே எடுத்தவை. யுவராஜ் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது டர்பனில் பிராட் ஓவரில் அடித்த ஆறு சிக்ஸர்கள். அவருடைய பெரிய இன்னிங்ஸ்களில் இந்த அளவுக்கு ஓட்டத்தை நம்பியது அபூர்வம். நெஞ்சுக்கூட்டில், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே கட்டி வளர்ந்துகொண்டிருந்த ஆள் அந்த 61 ரன்னை ஓடினார். பிறகு பந்து வீசி 18 ரன் கொடுத்து இரண்டு விக்கெட்டும் எடுத்தார். தொடர் முடிந்தபோது 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் உடம்பு சரியில்லை என்ற கணக்கில் போய்விட்டது.

இதை வீரக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அறிகுறிகளைத் தாங்கிக்கொண்டு ஆடியது ஆட்டக்காரனின் பிடிவாதம், அதை வியக்கலாம். நம் வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டே வேலைக்குப் போனால் அதை வியக்கக் கூடாது. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் நெஞ்சக நோய்க்கென்றே 1928-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இருமலின் பெயரால் ஒரு ரயில் நிலையமே உள்ள ஊர்க்காரர்கள் நாம்.

சிகிச்சை அமெரிக்காவில் நடந்தது. இண்டியானாபொலிஸில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவரின் மேற்பார்வை. யுவராஜுக்கு வந்த செமினோமாவும் அடங்கிய ஜெர்ம் செல் கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டினை மையமாக வைத்த கீமோவை 1970-களில் கொண்டுவந்து, அந்த நோயின் தலையெழுத்தை மாற்றியவர் அவர். கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவர்கள் விட்டுவிடும் இன்னொரு விவரம் இது. யுவராஜுக்கு வந்தது கீமோவுக்கு நன்றாக மசியும் வகை. கணையத்திலோ ஈரலிலோ வருவது வேறு. எதிரணி வேறு, ஆடுகளமும் வேறு எனும்போது ஸ்கோரை மட்டும் ஒப்பிட்டுப் பேசுவது நோயாளிக்கு எரிச்சலைத்தான் தரும்.

2012 மார்ச்சில் அவருக்கு மூன்று சைக்கிள் முடிந்தது. அதே மார்ச் 16-ல்தான் சச்சின் மிர்பூரில் நூறாவது சதம் அடித்தார். மே 27-ல் சேப்பாக்கத்தில் ஐபிஎல் இறுதிப் போட்டி; சென்னையை கொல்கத்தா தோற்கடித்தது. அந்த சீசன் முழுக்க யுவராஜ் ஆடவில்லை. நம்மைப் போல வெளியே இருந்து பார்க்கும் ஆள்.

திரும்பி வந்ததும் சேப்பாக்கத்துக்குத்தான். விசாகப்பட்டினத்தில் நடக்க வேண்டிய ஆட்டத்தை மழை கொண்டுபோனதால், 2012 செப்டம்பர் 11 இங்கே நடந்த நியூசிலாந்து டி20 அவருடைய மறுவரவு ஆனது. இலக்கு 168. யுவராஜ் 26 பந்தில் 34. இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஊரே எழுந்து நின்று கைதட்டிய இரவு, ஆனால் தோல்வி. எனக்கு அந்த ஸ்கோர்கார்டு பிடிக்கும். சினிமாக்காரர் எழுதியிருந்தால் கடைசிப் பந்தில் சிக்ஸர் போயிருக்கும்.

2014 ஏப்ரல் 6-க்கு வருவோம். மறுபடி மிர்பூர், டி20 உலகக் கோப்பை இறுதி, எதிரே இலங்கை. யுவராஜ் 21 பந்தில் 11 ரன், ஒரு பவுண்டரிகூட இல்லை. மறுமுனையில் கோலி 58 பந்தில் 77 அடித்தும், கடைசி நான்கு ஓவரில் இந்தியாவுக்குக் கிடைத்தது 19 ரன்தான். 130-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? சங்கக்காரா நிதானமாக முடித்துக் கொடுத்தார். சண்டிகரில் யுவராஜ் வீட்டின் மீது கல் விழுந்தது.

கல்லெறிந்தது அசிங்கம், அதில் வாதமில்லை. ஆனால் ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், முழுப் பழியும் அவர்மேல் நிற்காது. மலிங்காவும் குலசேகராவும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, எட்டாத தூரத்தில், யார்க்கர்களை வரிசையாக இறக்கினார்கள். காலை ஊன்றி மட்டையை முழு வீச்சில் வீசும் யுவராஜுக்கு அது ஒத்துவராது. மணிக்கட்டாலும் கீழ்க்கையாலும் பந்தைத் திருப்பக்கூடிய தோனி முன்பே இறங்கியிருக்க வேண்டும் என்பது அன்று முதல் இன்று வரை என் கட்சி.

இதைக் கட்டிலருகே சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம் என்பேன். அந்த இறுதிக்கு ஆறு மாதம் முன்னால் ராஜ்கோட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அதே யுவராஜ் 35 பந்தில் ஆட்டமிழக்காமல் 77 அடித்திருந்தார். மூன்று வருடம் கழித்து, 2017 ஜனவரியில், கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக 150. அவருடைய ஒருநாள் ஆட்டங்களில் அதுவே உச்சம், நோய்க்குப் பிறகு வந்த உச்சம். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த 11, அவர் சலுகை இல்லாமல் எடைபோடப்பட்டதற்கான சாட்சி. திட்டு வாங்கும் அளவுக்கு ஒருவர் தேறிவிட்டார் என்பது, கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சதத்தைவிட நம்பத் தகுந்த செய்தி.

கால்பந்திலும் இப்படி ஒருவர் உண்டு. டார்ட்மண்ட் அணிக்கு வந்த கையோடு, 2022 ஜூலையில் செபாஸ்டியன் ஹாலருக்கு விதைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2023 ஜனவரியில் களம் திரும்பினார். மே 27, ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியை வென்றால் பட்டம். பெனால்டி கிடைத்தது. ஹாலர் அடித்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார். ஆட்டம் 2-2, பட்டம் கோல் வித்தியாசத்தில் பேயர்னுக்குப் போனது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் ஐவரி கோஸ்ட்டின் வெற்றி கோல் அவருடையது. அந்த கோலைச் சொல்லும்போது பெனால்டியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு நடுவே ஆட்டம் பார்க்கிறவர் பக்கம் வருவோம். அது தனிக் கலை. தென் புறநகர்க்காரர்களுக்கு வழி தெரியும்: தாம்பரத்தில் மின்சார ரயில், கிண்டியில் இறங்கி பஸ், அடையாறு ஆஸ்பத்திரி. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. வசதி உள்ளவர்களுக்கு 2019 முதல் தரமணியில் புரோட்டான் சிகிச்சையும் இருக்கிறது. எங்கே போனாலும் கையில் ஒரு அட்டவணை கொடுத்துவிடுவார்கள். பல கீமோ மருந்துகளுக்கு 21 நாள் ஒரு சைக்கிள். ஊசி போட்ட பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த கவுன்ட் கீழே கிடக்கும். அப்போது கூட்டத்துக்குள் போகக் கூடாது, ஆக சேப்பாக்கம் கிடையாது, டிவிதான். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் கடைசி ஓவராக இருந்தாலும் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறவர்களுக்கோ பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை. ஐபிஎல்லில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரும் சனி, ஞாயிறு அவர்களுக்கு லீவு என்பது நல்ல பொருத்தம்.

இந்த நாட்களுக்கு இறுதிப் போட்டிகளைவிட லீக் ஆட்டங்களே தோது. 2025-ல் சிஎஸ்கே 14 ஆட்டத்தில் நான்கே வெற்றி, கடைசி இடம். ஆறுதல் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பது தெரிந்திருந்தது. ஸ்கேன் முடிவு எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

சீசன்களில் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால், 2024-25 குளிர்காலத்தைச் சொல்வேன். நவம்பர் 25 முதல் சிங்கப்பூரில் குகேஷ்–டிங் லிரென் உலகச் செஸ் போட்டி. நம் நேரம் மதியம் இரண்டரைக்கு ஆரம்பம். சத்தமில்லை, விளம்பர இரைச்சல் இல்லை, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும் வேகத்துக்குச் சரியாக வரும். டிசம்பர் 12-ல் பதினான்காவது ஆட்டத்தில் குகேஷ் சாம்பியன். அதே நாட்களில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவின் டெஸ்ட் தொடர். வாந்தி வராமல் இருக்க கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். விடிவதற்கு முன்பே கண் விழித்துக் கிடப்பவருக்கு மெல்போர்னும் சிட்னியும் காலை ஐந்து மணிக்கே ஆட்டம் தொடங்கும் ஊர்கள். சிட்னி டெஸ்ட்டில் கேலரி இளஞ்சிவப்பாக இருக்கும். மார்பகப் புற்றுநோயில் 2008-ல் இறந்த ஜேன் மெக்ராத் பெயரில், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுகளுக்காக நிதி திரட்டுகிறார்கள். அவருடைய கணவர் கிளென் மெக்ராத் நம் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனில் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்.

அந்த டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்துவிட்டது. பந்த் 33 பந்தில் 61 அடித்தார், பும்ரா முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், இரண்டாவது இன்னிங்ஸில் பந்தே வீசவில்லை. ஆஸ்திரேலியா 162 எடுத்து ஜெயித்தது. தொடரில் 32 விக்கெட் எடுத்தவரை 150 ஓவருக்கு மேல் வீசவைத்து நோகடித்தது தப்பு. மெல்போர்னிலேயே அவருக்கு ஓவரைக் குறைத்திருக்க வேண்டும். இல்லை, அவரை நிறுத்தியிருந்தால் தொடர் முன்பே கை நழுவியிருக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பேசித் தீர்க்க இன்னும் இரண்டு காலை மிச்சமிருந்தது.