ஊர்க்கழகத்துக்கு ஒரு அளவுகோல், பெண்கள் அணிக்கு இன்னொன்றா?

ஊர்ச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் என்றால் பளையில் பின்னேரம் நாலு மணிக்கே மைதானத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள் நிறைந்துவிடும். புலோப்பளையிலிருந்தும் இயக்கச்சியிலிருந்தும் கிளாலியிலிருந்தும் சனம் வரும். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் பகலில் மேசன் வேலைக்கோ கடலுக்கோ போய் வந்தவர்கள். மூன்றாவது பரிமாற்றத்தில் பந்து கைமாறும். தூரத்திலிருந்து அடித்த பந்து தென்னந்தோட்டத்துக்குள் போய் விழும். இரண்டாம் பாதியில் பின்களம் மூச்சு வாங்கும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போவதில்லை. தண்ட உதை வரைக்கும் நின்று, இருட்டிய பிறகும் நடுவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

அதே ஆட்களிடம் பெண்கள் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "தரம் காணாது, பார்க்க ஏலாது" என்ற பதில் யோசிக்காமலே வரும்.

இந்தப் பதில் நேர்மையானதல்ல என்பது என் கருத்து. ஊர்க்கழகத்தின் ஆட்டத்தை நாங்கள் தரம் பார்த்தா ரசிக்கிறோம்? எங்கள் பெடியன், எங்கள் ஊர்ப் பெயர், பக்கத்து ஊரோடு பழைய கணக்கு, இவைதான் எங்களை வரம்பில் நிறுத்திவைக்கின்றன. பெண்கள் அணி வந்தவுடன் மட்டும் ஐரோப்பாவின் அளவுகோலை எடுத்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையில் உடல்வலு வித்தியாசம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. நூறு மீற்றர் ஓட்டத்தில் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 செக்கன், பெண்களுக்கு 10.49 செக்கன். 2016இல் அவுஸ்திரேலியத் தேசிய பெண்கள் அணி நியூகாசில் ஜெட்ஸ் கழகத்தின் பதினைந்து வயதுப் பையன்களிடம் 0-7 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பெண்கள் அணி டலஸ் கழகத்தின் அதே வயதுப் பையன்களிடம் 2-5 என்று தோற்றது. இரண்டும் பயிற்சி ஆட்டங்கள். ஆனால் விவாதம் வரும்போதெல்லாம் இவைதான் முதல் ஆதாரமாக வந்து விழுகின்றன.

சரி, அப்படியே எடுத்துக்கொள்வோம். வேகமும் பலமும்தான் ரசனைக்குக் காரணம் என்றால் அந்தப் பதினைந்து வயதுப் பையன்களின் ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பையன்களில் ஒருவரின் பெயராவது யாருக்கும் தெரியுமா? அமெரிக்கப் பெண்கள் அணியின் மேகன் ரபினோவை உலகமே அறியும். 2022 மார்ச் 30ஆம் திகதி பார்சிலோனா பெண்கள் அணி ரியல் மட்ரிட்டோடு ஆடியபோது காம்ப் நூ அரங்கில் இருந்தவர்கள் 91,553 பேர். மூன்று கிழமை கழித்து வொல்ஸ்பேர்க் அணியோடு ஆடியபோது 91,648 பேர்.

பளையில் கரப்பந்தாட்டம் தெரியாத ஆள் இல்லை. அந்த ஆட்டத்தில் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். ஈட்டி ஆண்களுக்கு 800 கிராம், பெண்களுக்கு 600 கிராம். தடைதாண்டலில் தடையின் உயரம் வேறு, கூடைப்பந்தாட்டத்தில் பந்தின் அளவு வேறு. உதைபந்தாட்டத்தில் மட்டும் எதுவும் மாறுவதில்லை. அதே ஐந்தாம் இலக்கப் பந்து, அதே மைதானம், 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் கொண்ட அதே கோல்கம்பம். பெண் கோல் காப்பாளரின் தலைக்கு மேலால் பந்து போய் வலைக்குள் இறங்கினால் "காப்பாளருக்குத் திறமை காணாது" என்கிறோம். கரப்பந்தாட்ட வீராங்கனையை 2.43 மீற்றர் வலைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அடிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொன்னதில்லை. கோல்கம்பத்தைச் சிறிதாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீராங்கனைகளில் பெரும்பாலானோர் அதைக் கேட்கவில்லை, பளையில் இரண்டு அளவுக் கோல்கம்பத்துக்குக் காசும் இல்லை. ஆனால் மதிப்பிடுகிறவர் இந்த அளவுகளை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஆட்டத்தில் வேறு விஷயங்கள் தெரியத் தொடங்கும். ஒரு முழு ஆட்டத்தில் உயர்மட்ட வீராங்கனை ஓடும் தூரம் ஆண்களைப் போலவே பத்துக் கிலோமீற்றர் அளவுதான். குறைவது அதிவேக ஓட்டங்கள். அதனால் ஒரே பாய்ச்சலில் பின்களத்தை உடைப்பது குறைகிறது, இடம் பார்த்து நிற்பதும் நேரம் பார்த்துப் பரிமாறுவதும் கூடுதலாக வெளியே தெரிகின்றன. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லூசி புரோன்ஸ் வலப்பின்களத்தை விட்டு மைதானத்தின் நடுவுக்குள் பந்தோடு புகுந்து அதைப் பறிகொடுத்தார். அவர் விட்டுவந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஸ்பெயினின் தெரேசா அபெய்யேரா அதைக் கண்டு உடனே இடப்பக்கத்துக்கு நீளமாக மாற்றினார். மரியோனா கல்தெந்தே பந்தை நிறுத்தி, பின்னாலிருந்து ஏறிவந்த ஓல்கா கார்மோனாவுக்குத் தள்ளினார். இடக்காலால் தாழ்வாக, எதிர்மூலைக்கு அடித்தார் கார்மோனா. எதிரணியின் ஒரு பிழையைச் சில செக்கனுக்குள் மூன்று பேர் ஒரே மாதிரி வாசித்ததால் விழுந்த கோல் அது. பயிற்றுநர் ஒருவர் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவதற்கு இதைவிட நல்ல கோல் கிடைப்பது அரிது.

பளையில் ஆடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் இங்கே உயரப் பந்து யாருடைய சொல்லும் கேட்காது. காற்றாலைகளை இந்த ஊரில் சும்மா நடவில்லை. அந்தக் காற்றிலும் எங்கள் ஆண்கள் அணிகள் பின்களத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்துவிட்டு முன்களத்தவரை ஓடவிடுகின்றன. பெண்கள் ஆட்டத்தைப் போல வேகத்தை மட்டும் நம்பாமல், நிலத்தோடு பந்தை உருட்டி, முக்கோணமாகப் பரிமாறி முன்னேறும் ஆட்டம்தான் இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் பொருந்தும்.

பார்க்கிறவரின் கண்ணிலும் ஒரு கோணல் இருக்கிறது. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறந்த கோல்களின் காணொளிகளைச் சிலருக்கு அப்படியே காட்டினார்கள். வேறு சிலருக்கு ஆடுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி உருவத்தை மங்கலாக்கிக் காட்டினார்கள். தெரிந்து பார்த்தவர்கள் ஆண்களின் ஆட்டத்துக்குக் கூடுதல் புள்ளி போட்டார்கள். தெரியாமல் பார்த்தவர்களின் புள்ளிகளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. 2023இல் வெளியான ஆய்வு இது.

இந்தக் கோணல் இயற்கையாக வந்ததல்ல. 1920 டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியபோது உள்ளே 53,000 பேர் இருந்தார்கள், இடமில்லாமல் திரும்பியவர்களும் ஆயிரக்கணக்கில். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தனது கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது வருடம் நீடித்தது. ஆட்டத்தைத் தொடக்கிவைத்த நாட்டிலேயே இரண்டு தலைமுறைப் பெண்கள் மைதானத்துக்கு வெளியே நின்றார்கள். அந்த ஐம்பது வருடத்தில் ஆண்களின் ஆட்டம் லீக், பயிற்சிக்கூடம், சம்பளம், ஒளிபரப்பு என்று வளர்ந்தது. பிபா பெண்களுக்கென்று நடத்திய முதல் உலகக் கிண்ணம் 1991இல் சீனாவில் நடந்தது. அதில் ஓர் ஆட்டத்துக்கு 80 நிமிடம்தான். தொண்ணூறு நிமிடத்தைப் பெண்களின் உடம்பு தாங்காது என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. முகமாலையில் கொளுத்தும் வெயிலில் பாதுகாப்புக் கவசத்தோடு முழங்காலில் இருந்து நாள்முழுக்கக் கண்ணிவெடி அகற்றிய பெண்களைப் பார்த்த எங்களுக்கு இப்படியொரு எண்ணம் வரவே கூடாது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கை ஆண்கள் அணி 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது. அதற்குப் பிறகு அப்படியொரு நாள் வரவில்லை. 2019 ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-8 என்று தோற்றார்கள். வயிறு எரிந்தது. பயிற்சி காணாது, வசதி காணாது, சம்மேளனம் சரியில்லை என்று எழுதினோம், பேசினோம். இலங்கை ஆண்களுக்கு உதைபந்தாட்டம் சரிவராது என்று ஒருவரும் சொல்லவில்லை. பெண்கள் அணி நேபாளத்திடம் தோற்றால் மட்டும் அந்தத் தோல்வி பெண் என்பதன் கணக்கில் எழுதப்படுகிறது.

பெண்களின் விளையாட்டை எங்கள் சனம் ரசிக்காது என்பதும் உண்மையல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தபோது எத்தனை வீடுகளில் கொண்டாடினோம்! அந்த ஆட்டத்தை எந்த ஆண்கள் அணியோடும் யாரும் ஒப்பிடவில்லை. அதனால் ஆட்டம் ஆட்டமாகவே கண்ணில் பட்டது.

வடக்கில் பெண்கள் உதைபந்தாட்டத்துக்கு அடித்தளமும் இருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை சம்பியன் ஆனவர்கள். அங்கிருந்து தேசிய வயதுப்பிரிவு அணிகளுக்கும் போயிருக்கிறார்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்து அலைந்த பாடசாலை அது. அதற்கு முடிந்தது பளைக்கு ஏன் முடியவில்லை? பிள்ளைகளுக்குத் திறமை இல்லாததாலா? இல்லை. வலய மட்டம், மாகாண மட்டம் என்று பாடசாலையில் இருக்கும்வரை ஏதோ ஒரு போட்டி இருக்கிறது. சாதாரண தரமோ உயர்தரமோ முடிந்த மறுநாள் மாணவிக்கு அணி இல்லை. அதே வகுப்பில் படித்த பெடியனுக்கு ஊர்க்கழகம் இருக்கிறது, சீருடை இருக்கிறது, கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பரிசுத்தொகைக்குக் காசு வருகிறது. அவளுக்குத் தையல் வகுப்பு, ஆடைத்தொழிற்சாலை வேலை, இல்லாவிட்டால் கலியாணப் பேச்சு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆட்டம் இன்னும் முன்னரே, பெரியபிள்ளையான வருடமே முடிந்துவிடுகிறது. "இனிக் கால்சட்டையோடு மைதானத்தில் நிற்கிறதோ" என்று அம்மம்மா கேட்கும் ஒரு கேள்வி போதும்.

இந்த நாட்டில் பெண்களுக்குச் சம்பளத்தோடு உதைபந்தாட வழிதரும் அணிகள் பெரும்பாலும் படைத்தரப்பினுடையவை. யுத்தத்தைக் கண்ட வன்னியில் ஒரு தாய்க்கு அது எப்படிப்பட்ட தெரிவு என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வேறு வழி இல்லை என்பதால் நல்ல கால்கள் பத்தொன்பது வயதில் வீட்டுக்குள் போகின்றன.

வங்காளதேசத்தின் மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்றொரு கிராமம் இருக்கிறது. பளையை விட வசதியான ஊர் என்று சொல்ல முடியாது. ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்காக அரசாங்கம் நாடு முழுக்க ஒரு உதைபந்தாட்டப் போட்டியைத் தொடங்கியபோது அந்த ஊர்ப் பாடசாலையும் ஓர் அணியை இறக்கியது. ஆரம்பத்தில் ஊரில் எதிர்ப்பு. பிறகு அடுத்தடுத்துக் கிண்ணங்கள். மரியா மண்டா, சஞ்சிதா அக்தர் உட்பட அந்தச் சிறுமிகளில் பலர் வளர்ந்து தேசிய அணிக்குப் போனார்கள். 2022இல் காத்மண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்துவந்தபோது டாக்கா வீதிகளில் திறந்த பஸ்ஸில் ஊர்வலம் போனார்கள். 2024இலும் அவர்களே சம்பியன். 2026 ஆசியக் கிண்ணத்துக்கும் தகுதி பெற்றார்கள். அந்த நாட்டில் இப்போது ஆண்கள் அணியைப் பெண்கள் அணியோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1941இல் தொடங்கிய சந்தோஷ் கிண்ணத்தைத் தமிழ்நாட்டு ஆண்கள் அணி ஒருமுறைகூட எடுத்ததில்லை. பெண்கள் அணி தேசிய சம்பியன் பட்டத்தை 2018இலும் 2023இலும் எடுத்துவிட்டது. அதன் பின்னால் சுனாமி அடித்துப்போன கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்றுநர் சிறுமிகளைச் சேர்த்துத் தொடங்கிய பயிற்சியும், விளையாட்டுக்காகக் கல்லூரியில் கிடைத்த இடமும், பொலிஸ் வேலையும் இருக்கின்றன. அந்த அணியின் இந்துமதி கதிரேசன் பொலிஸ் உப பரிசோதகர்.

ஆகவே எங்கள் கழகங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. பெண்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கி, காலை ஒன்பது மணி வெயிலில், ஆட்கள் இல்லாத மைதானத்தில் ஒரு கண்காட்சி ஆட்டம் வைக்கவேண்டாம். அப்படி வைத்துவிட்டுச் சனம் வரவில்லை என்று சொல்வது எந்த விதத்திலும் நியாயமில்லை. அடுத்த சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது ஆண்கள் இறுதியாட்டத்துக்குச் சற்று முன்னால், அதே மைதானத்தில், அதே நடுவர்களோடு பெண்கள் ஆட்டம் ஒன்றைப் போடுங்கள். பதினொரு பேர் சேராவிட்டால் ஏழு பேராக ஆடட்டும். அணிகளுக்குப் பாடசாலைப் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரை வையுங்கள்: புலோப்பளை, முகாவில், இயக்கச்சி, கிளாலி. பாடசாலையை விட்டு விலகியவளும் ஆடலாம் என்று எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். கோல் அடித்தவளின் பெயரையும் அவளது ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். ஒரு பருவம் மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம், ஐந்து வருடம் செய்யுங்கள். அதற்குப் பிறகு தரம் காணாது என்று சொல்ல வருகிறவரோடு நானும் வரம்பில் நின்று ஆறுதலாகப் பேசத் தயார்.