பத்தாயிரம் படைவீரரும் ஒரு சிறு வடிகாலும்

மூன்று புளியங்கொட்டைகளை மேசைமேல் போடுங்கள். பார்த்தவுடனே மூன்று என்று சொல்லிவிடுவீர்கள். நான்கு வரை இப்படிச் சொல்லலாம். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் எண்ணித்தான் ஆகவேண்டும். எண்ணாமல் பார்க்கும் கண்ணுக்கு நூறும் ஆயிரமும் வெறும் 'நிறைய' தான். அப்படியானால், திரையில் பத்தாயிரம் பேர் மோதும் கற்பனைப் போர் ஒன்று நம் நெஞ்சைப் பிடித்து உலுக்குவது எதனால்?

டோல்கியனின் நாவலைத் தழுவி, பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்த 'தி டூ டவர்ஸ்' 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் வரும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரைப் பாருங்கள். ஸ்டீபன் ரெஜெலஸ் உருவாக்கிய 'மாசிவ்' என்னும் கணிப்பொறி நிரல் இதற்குப் பயன்பட்டது. இந்நிரலில் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியே பார்வையும் கேள்வியும் உண்டு. எதிரியைக் கண்டு தானே முடிவு செய்து தாக்குவான். ஆகவே கூட்டம் பொம்மை வரிசைபோல் ஒரேமாதிரி அசைவதில்லை. அரிய சாதனைதான். ஆனால் வெற்றியின் காரணம் இது மட்டுமன்று.

போருக்கு முன்பே படம் நமக்கு இடத்தைக் கற்பித்துவிடுகிறது. நீண்ட மதில் ஒன்று. அதற்குப் பின்னால், குகைகளில் பெண்களும் குழந்தைகளும். மதிலின் அடியில் ஒரு சிறு வடிகால். அதுவே அதன் ஒரே பலவீனம். எதிரியின் ஆலோசனையைக் கேட்ட நமக்கு அது தெரியும். எனவே ஒருவன் தீவட்டியுடன் வடிகாலை நோக்கி ஓடும்போது, நம் கண் பத்தாயிரத்தை விட்டுவிட்டு அந்த ஒருவனைப் பற்றிக்கொள்கிறது. அம்பு பட்டும் அவன் நிற்பதில்லை. நமக்கோ மூச்சு நின்றுவிடுகிறது!

அடுத்தது எடை. இக்கோட்டைக்கு, கால் பங்கு அளவில் ஒரு மாதிரியும் கட்டினார்கள். பொருள் விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் கால் பங்கானால் நேரம் பாதியாகும். ஆகவே இத்தகைய மாதிரியிலிருந்து கல் விழுவதை அப்படியே படமெடுத்தால், அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். வினாடிக்கு 48 படங்கள் எடுத்து 24 வீதம் காட்டினால் எடை வந்துவிடும். சூத்திரம் அறியாத குழந்தையின் கண்ணுக்கும் இந்த வேறுபாடு தெரியும். பொருள்கள் விழுவதைப் பார்த்தே வளர்ந்த கண் அல்லவா!

அடுத்த ஆண்டு, 2003-இல், வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தின் பெலனார் போர் இதனினும் பெரிது. குதிரைப்படை பாயும் முன், முதிய மன்னன் தன் வீரர்களின் ஈட்டிகளை வாளால் தட்டிச் செல்லும் காட்சி அருமை. சாவை நோக்கிப் போகிறோம் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் முடிவில் ஆவிப்படை வந்து களத்தைச் சிறிது நேரத்தில் துடைத்துவிடுகிறது. நாவலில் ஆவிகள் இக்களத்துக்கு வருவதே இல்லை. சாகமுடியாதவர்கள் போரிட்டால் இழப்பு ஏது? இழப்பில்லாத இடத்தில் நமக்குக் கவலை ஏது? எண்ணிக்கையில் சிறிய ஹெல்ம்ஸ் டீப்பே என் கண்ணுக்குப் பெரிய போராகத் தோன்றுகிறது.

அடுத்தமுறை இத்தகைய படம் பார்த்து வீடு திரும்பியதும், ஒரு தாளில் அப்போர்க்களத்தை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். மதில் எங்கே, வாயில் எங்கே, காக்கப்படவேண்டியவர்கள் எங்கே என்று குறிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால், நீங்கள் கண்டது போரன்று, கைப்பிடி புளியங்கொட்டைதான்.